அலெக்சாந்தர் பெயரில் அடித்த காசுகள்



யவனர்களுடைய பழைய நாணயங்களை இனங்கண்டறியும் முறையைப் பற்றிப் பேசுமாறு இந்தச் சபையார் என்னைப் பணித்திருக்கிறார்கள். கி. மு. ஏழாம் நூற்றாண்டில் ஆசியா மைனரின் மேற்குக் கரையில் முதற் காசு பிறந்த நாளிலிருந்து எண்ணப் புகுந்தால் விஷயம் ஒரு மாலைப் பொழுதுக்குள் அடங்காது, ஆகையால், கி. மு. 323-இல் அலெக்சாந்தர் பாபிலோனில் கண்மூடியது முதல், கி. மு. 30-இல் கிளியோபாத்ரா மாய்ந்து எகிப்து ரோமாபுரியின் மாகாணமாக முடிந்தது வரையில் உள்ள ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளின் நாணயங்களை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

இந்தக் காலத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அதற்கு முற்பட்ட யவன நாணயங்களில் ஒவ்வொரு நகரமும் தன் அடையாளத்தைத் தானே வெளிப்படையாகப் பொறித்தது. ஆந்தையைக் கண்டால் ஆதென்ஸ், ஆமையைக் கண்டால் ஈஜினா, சிறகு முளைத்த குதிரையைக் கண்டால் கொரிந்து என்று சிறிது பழகியவர்களும் சொல்லிவிடலாம். அலெக்சாந்தருக்குப் பின்னரோ, ஒரே உருவமும் ஒரே பெயரும் தாங்கிய வெள்ளிக் காசுகள் மாசிதோனியா முதல் பாபிலோன் வரையில் எத்தனையோ நகரங்களில், எத்தனையோ அரசர்களின் ஆணையால், தலைமுறை தலைமுறையாக வெளிவந்தன. பெயர் தாங்கியவன் வேறு, அடித்தவன் வேறு, காலம் வேறு. இந்த மூன்றையும் பிரித்தறிவது எப்படி என்பதுதான் என் பேச்சின் பொருள்.

முதலில் காசைப் பார்ப்போம். அலெக்சாந்தரின் வெள்ளி நாணயங்களில் தலைசிறந்தது நான்கு டிராக்மா மதிப்புள்ள பெரிய காசு. ஆதென்ஸ் நகரத்து எடை முறையைப் பின்பற்றி ஏறத்தாழ 17.2 கிராம் நிறையுள்ளது. முன்புறத்தில், சிங்கத்தின் தலைத்தோலை முக்காடாகப் போர்த்துக்கொண்ட இளைஞன் ஒருவனுடைய தலை வலப்பக்கம் நோக்கியிருக்கும். பின்புறத்தில், அரியணையில் அமர்ந்த தேவராஜனாகிய ஸியூஸ், நீட்டிய வலக்கையில் கழுகையும் இடக்கையில் செங்கோலையும் தாங்கியிருப்பான். அவனுக்குப் பின்னால் மேலிருந்து கீழாக, அலெக்சாந்தருடையது என்று பொருள்படும் கிரேக்கச் சொல் ஒன்று நிற்கும். சிங்கத்தோல் போர்த்த அந்த முகத்தை அலெக்சாந்தரின் முகம் என்றே பலர் எண்ணிவிடுகிறார்கள். அது மாசிதோனிய அரச வம்சத்தார் தங்கள் மூதாதை என்று கொண்டாடிய ஹெரக்ளீஸ் என்னும் வீரனுடைய முகம். சிற்சில நாணயச் சாலைகளில் அச்சு வெட்டிய சிற்பிகள் மன்னனின் சாயலை அதில் ஏற்றியிருக்கலாம் என்று சொல்லுவோர் உண்டு. ஆயினும் வகை வகையாக நோக்குமிடத்து முகம் வீரனுடையதேயன்றி மன்னனுடையது என்று கொள்வதற்கு ஆதாரம் போதாது. தங்கக் காசில் அதீனா தேவியின் தலைக்கவசம் அணிந்த சிரமும், மறுபுறம் வாகை மாலை ஏந்தி நிற்கும் நைக்கி என்னும் வெற்றித் தேவியும் உண்டு.

இந்த வெள்ளிக் காசு எங்கே, எப்போது முதலில் பிறந்தது என்பதிலேயே அறிஞர் இரு கட்சியாகப் பிரிந்திருக்கிறார்கள். கி. மு. 336-இல் அரியணை ஏறியவுடன் தாய்நாட்டிலேயே தொடங்கினான் என்பது ஒரு கட்சி. கி. மு. 333-இல் இஸ்ஸஸ் போர்க்களத்தில் பாரசீகப் பேரரசனை முறியடித்த பின்னர் ஸிலீஷியா நாட்டு டார்சஸ் நகரத்தில் தொடங்கினான் என்பது மற்றொரு கட்சி. பின்னவர்கள் காட்டும் சான்று அழகானது. டார்சஸில் பாரசீகப் பிரதிநிதியாக இருந்த மஸேயஸ் வெளியிட்ட காசுகளில் அந்நகரத்துத் தெய்வமாகிய பாஆல் அரியணையில் வீற்றிருக்கிறான். அந்த ஆசனம், பாதபீடம், ஆடையின் மடிப்பு முதலிய நுட்பங்கள் எல்லாம், அதே நகரத்தில் அலெக்சாந்தர் வெளியிட்ட ஸியூஸின் உருவத்தில் அப்படியே காணக் கிடைக்கின்றன. தெய்வம் மாறியது, உளி பிடித்த கை மாறவில்லை என்று கொள்வதற்கு இது இடம் தருகிறது. எந்தக் கட்சி முடிவில் நிற்கும் என்பது ஒருபுறம் இருக்க, நாணயத்தின் பெரிய உருவத்தை விடுத்து நாற்காலியின் காலையும் ஆடையின் மடிப்பையும் பார்த்து வாதம் செய்ய வேண்டியிருக்கிறது என்பதை இந்த விவகாரம் நமக்குக் காட்டிவிடுகிறது.

அலெக்சாந்தர் இறந்தபின் அவனுடைய தளபதிகள் சாம்ராஜ்யத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள், ஆனால் கி. மு. 306-க்கு முன்னர் அவர்களில் எவனும் அரசன் என்ற பட்டத்தைச் சூடத் துணியவில்லை. ஆகவே, மனநலம் குன்றியவன் என்று சொல்லப்படும் அவன் சகோதரன் பிலிப் அர்ஹிடேயஸின் பெயரில் சில காசுகள் வந்தன என்பதைத் தவிர, மற்றவை எல்லாம் இறந்த மன்னனின் பெயரிலேயே தொடர்ந்தன. கூலிக்குப் போர் செய்த வீரர்கள் அந்தக் காசையே கேட்டார்கள். வணிகர்கள் அதையே நிறுக்காமல் வாங்கினார்கள். மூன்றாம் இரண்டாம் நூற்றாண்டுகளில் சுதந்திர நகரங்களும் இவ்வழக்கத்தை மேற்கொண்டன. ரோட்ஸ் தீவினர் தங்கள் ரோஜா மலரையும், கியோஸ் தீவினர் பெண் முகமும் சிங்க உடலும் உடைய ஸ்பிங்க்ஸையும், மைலீட்டஸ் நகரத்தார் திரும்பிப் பார்க்கும் சிங்கத்தையும் ஸியூஸின் முன்னால் சிறு குறியாக வைத்து, அலெக்சாந்தரின் பெயரை அப்படியே விட்டுவிட்டார்கள். கருங்கடற்கரையில் உள்ள மெஸெம்ப்ரியா நகரம் தலைக்கவசக் குறியோடு இதே காசை முதல் நூற்றாண்டு வரையில் அடித்துக்கொண்டிருந்தது. மன்னன் மறைந்து அப்போது இருநூற்றைம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன! நம் நாட்டிலும் கிழக்கிந்தியக் கம்பெனியார், அதிகாரம் முழுவதும் தங்கள் கைக்கு வந்துவிட்ட பின்னரும், 1835 வரையில் மொகலாய பாதுஷா ஷா ஆலத்தின் பெயரிலேயே, அவனுடைய ஆட்சியாண்டு ஒன்றை மாற்றாமல் நிலைநிறுத்தி, ரூபாய் அடித்து வந்தார்கள். ஷா ஆலமோ 1806-லேயே காலமாகிவிட்டான். காசின் மேல் உள்ள பெயர் மக்களின் நம்பிக்கைக்காக நிற்பது என்பதை அறிந்த ஆட்சியாளர் எந்த யுகத்திலும் இருந்திருக்கிறார்கள்.

அப்படியானால், ஒரு காசைக் கையில் வாங்கியவன் அது அலெக்சாந்தர் உயிரோடிருந்த காலத்ததா, பிற்பட்டதா என்று சொல்லுவது எவ்வாறு? வழக்கமாகச் சொல்லப்படும் அடையாளங்கள் சில உண்டு. ஸியூஸின் கால்கள் இரண்டும் இணையாக நின்றால் காசு முற்பட்டது என்றும், வலக்கால் பின்னே இழுக்கப்பட்டுக் கால்கள் மாறி நின்றால் பிற்பட்டது என்றும் கூறுவார்கள். பொதுவாக இது சரியே. ஆனால் அலெக்சாந்தர் காலத்தின் இறுதியிலேயே சில கீழ்த்திசைச் சாலைகளில் கால் மாறிவிட்டது. வேறு சில சாலைகளோ அவன் மறைந்த பின்னும் பழைய இருக்கையையே போற்றி வந்தன. பெயரோடு அரசன் என்ற பட்டமும் சேர்ந்திருந்தால் காலம் பிந்தியது என்பர்; இதற்கும் அவன் ஆயுட்காலத்துக் கடைசி ஆண்டுகளில் விலக்குகள் உண்டு. இவற்றைவிட உறுதியான சாட்சி காசின் தகடு. ஆரம்பகாலத்துக் காசு சிறியதாய், தடித்து, ஹெரக்ளீஸின் முகம் ஏறத்தாழ விளிம்பைத் தொடும்படி நிறைந்திருக்கும். இரண்டாம் நூற்றாண்டில் தகடு 30 மில்லிமீட்டருக்கும் மேலாக அகன்று மெலிந்துவிட்டது. உருவமும் தளர்ந்து, சிங்கத்தின் பிடரிமயிர் வெறும் கோடுகளாகிவிடுகிறது. எடையும் 17 கிராமுக்குக் கீழே சற்று இறங்கிவிடுகிறது. பல காசுகளைத் தொட்டுப் பழகிய விரல்கள் கண்ணுக்கு முன்பே இதனைச் சொல்லிவிடும்.

இவையெல்லாம் காலத்தைப் பெரும்போக்காகக் காட்டுமேயொழிய, அடித்த ஊரைக் காட்டமாட்டா. ஊரைக் காட்டுவன ஸியூஸின் முன்னும் அரியணையின் கீழும் ஒதுங்கியிருக்கும் சிறு குறிகளும் கூட்டெழுத்துகளுமே. கப்பலின் முன்புறம், பிறைமதி, தேனீ, வாகைமாலை போன்ற குறிகள். இரண்டு மூன்று கிரேக்க எழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிய முடிச்சுகள். இவை பொதுமக்களுக்காகப் பொறிக்கப்பட்டவை ஆகா. வெள்ளியை நிறுத்து வாங்கிக் காசாகத் திருப்பித் தரும் பொறுப்பேற்ற அதிகாரி, எடை குறைந்தாலோ மாற்றுக் குறைந்தாலோ தன்மேல் பழி விழும் என்பதை அறிந்து, தன் மேலதிகாரிக்குப் பதில் சொல்லுவதற்காக இட்ட அடையாளங்கள் அவை. அரசனின் பெயரும் தேவனின் உருவமும் உலகத்தின்முன் உரிமை கொண்டாடுகின்றன. மூலையில் உள்ள முடிச்சு அலுவலகக் கணக்குக்காக எழுதப்பட்டது. சரித்திரக்காரனுக்கு இவ்விரண்டில் எது நம்பத்தகுந்த சாட்சி என்று கேட்டால், நான் சற்றும் தயங்காமல் மூலையில் உள்ளதையே காட்டுவேன்.

ஆயினும் குறியை நம்புவதிலும் ஒரு பெரும் அபாயம் உண்டு. கோபன்ஹேகன் நகரத்து அறிஞர் லுட்விக் முல்லர் 1855-இல் அலெக்சாந்தரின் நாணயங்களை முதன்முதலாக முறைப்படுத்தி ஒரு நூல் வெளியிட்டார். அவர் செய்த உழைப்பு வணங்கத்தக்கது. தகட்டின் வடிவத்தைக் கொண்டு காசுகளை வகுப்புகளாகப் பிரித்ததும் அவரே. ஆனால் ஒரு காசில் ரோஜாவோ தேனீயோ தோன்றினால், அந்தச் சின்னத்தைத் தன் நாணயத்தில் வைத்திருந்த ஊரைத் தேடி, காசை அவ்வூரின் பெயரில் பதிவு செய்யும் வழக்கத்தை அவர் கைக்கொண்டார். ரோட்ஸ் போன்ற இடங்களில் இம்முறை பலித்தது. மற்றப் பல இடங்களில், ஒரே சாலையில் ஆண்டுக்கு ஆண்டு மாறி மாறி வந்த அதிகாரிகளின் சொந்த முத்திரைகள், ஐந்தாறு ஊர்களின் அடையாளங்களாக மயங்கிச் சிதறிப் போயின.

இந்த மயக்கத்தைத் தீர்த்தவர் அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் தலைவராகப் பல்லாண்டுகள் இருந்த எட்வர்ட் நியூவெல். அவர் கையாண்ட முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்; ஏனெனில் இந்தச் சாஸ்திரத்தின் உயிர்நிலை அதிலேதான் இருக்கிறது.

அக்காலத்தில் காசு அடித்த விதம் இது. முன்புறத்து உருவம் குழிவாக வெட்டப்பட்ட அச்சு ஒன்று பட்டடையில் அசையாமல் பதித்திருக்கும். காய்ச்சிய வெள்ளித் தகட்டை அதன்மேல் வைத்து, பின்புறத்து உருவம் வெட்டிய மற்றோர் அச்சைத் தகட்டின் மேல் கையால் பிடித்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பார்கள். அடியை நேரே தாங்குவது மேலச்சு. ஆகையால் அது விரைவில் தேய்ந்து பிளந்துபோகும். பட்டடையில் பாதுகாப்பாக இருக்கும் கீழச்சு, மூன்று நான்கு மேலச்சுகள் அழிந்த பின்னும் உழைத்துக்கொண்டிருக்கும். இதனால் விளைவது யாது? பின்புறத்தில் வெவ்வேறு குறிகள் உடைய இரண்டு காசுகளின் முன்புறம் ஒரே அச்சில் பிறந்தது என்று நிரூபித்துவிட்டால், அவ்விரண்டு குறிகளும் ஒரே பட்டறைக்கு உரியவை என்பது ஐயமற முடிந்துவிடுகிறது. அந்த முன்புற அச்சில் ஒரு கீறல் தோன்றி, சுவரில் விழுந்த வெடிப்பு மழைக்கு மழை நீளுவதுபோல் காசுக்குக் காசு நீண்டு செல்லுமாயின், கீறல் சிறிதாக உள்ள காசு முந்தியது, பெரிதாக உள்ளது பிந்தியது என்று வரிசையும் அமைந்துவிடுகிறது. அச்சுகள் கையால் வெட்டப்பட்டவை. ஒரு அச்சுக்கும் மற்றொன்றுக்கும் மயிர்ச்சுருளிலாவது எழுத்தின் சாய்விலாவது வேற்றுமை இருந்தே தீரும். ஆகவே பொறுமையும் கூரிய கண்ணும் உள்ளவர்களுக்கு இந்தச் சோதனை தவறாத சோதனை.

1905-இல் எகிப்தின் வடபகுதியில் டமன்ஹூர் என்னும் ஊரில் அலெக்சாந்தரின் நான்கு டிராக்மாக் காசுகள் பல ஆயிரம் அடங்கிய ஒரு புதையல் வெளிப்பட்டது. அது சேர்ந்து முழுமையாக எங்கும் வைக்கப்படவில்லை. வியாபாரிகளின் கைகளில் சிதறிப் போயிற்று. நியூவெல் கிடைத்தவற்றையெல்லாம் தேடிப் பார்த்து, அச்சு அச்சாக ஒப்பிட்டு, 1923-இல் அதைப் பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டார். அப்புதையல் கி. மு. 318-ஐ ஒட்டிப் புதைக்கப்பட்டது என்று கொண்டமையால், அதில் உள்ள காசு எதுவும் அந்த ஆண்டுக்குப் பிற்பட்டிருக்க இயலாது என்ற எல்லை கிடைத்தது. அதற்கு முன்னரே, 1916-இல், பினீஷிய நாட்டு சீடோன், அக்கே ஆகிய நகரங்களின் அலெக்சாந்தர் காசுகளில் ஆண்டுக் குறிகள் இருப்பதைக் கண்டு அவற்றை வரிசைப்படுத்தி, காலத்துக்கு ஒரு திடமான அளவுகோலையும் அவர் அமைத்திருந்தார். அக்கே என்று அவர் கருதியதை டயர் நகரத்துக்கு உரியது என்று பிற்காலத்து அறிஞர் மாற்றியிருக்கிறார்கள். ஆண்டுகளின் வரிசை அதனால் குலையவில்லை. இவ்வாறு புதையலும் அச்சும் ஆண்டுக்குறியும் ஒன்றையொன்று தாங்கி நின்ற பின்னரே, பிரிட்டிஷ் காட்சிசாலையைச் சேர்ந்த மார்ட்டின் பிரைஸ், அலெக்சாந்தர், பிலிப் அர்ஹிடேயஸ் ஆகிய இருவர் பெயரிலும் வந்த நாணயங்களுக்குச் சுமார் 4000 வகைகள் கொண்ட பேரட்டவணையை 1991-இல் வெளியிட முடிந்தது. இன்று இந்த வகைக் காசு ஒன்று கிடைத்தால் அதற்குப் பிரைஸ் எண் யாது என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

அலெக்சாந்தருக்குப் பின்வந்த அரசர்களின் முகம் தாங்கிய காசுகள் இதைவிட எளியவை என்று நினைக்கக்கூடும். சிலவற்றில் அது உண்மை. லைசிமாக்கஸ் வெளியிட்ட காசில் ஆட்டுக்கடாவின் கொம்பு முளைத்த தெய்வ முகத்தோடு அலெக்சாந்தரே விளங்குகிறான். மறுபுறம் அதீனா அமர்ந்திருக்கிறாள். பெயர் மட்டும் லைசிமாக்கஸ். இந்தக் காசையும் அவன் இறந்தபின் பைஸாந்தியம் நகரத்தார் அடியில் ஒரு திரிசூலத்தைப் பொறித்து நெடுங்காலம் அடித்தார்கள் என்பதால், இங்கும் கண் மூலைக்கே செல்ல வேண்டும். டிமெட்ரியஸ் பொலியோர்சிட்டீஸ் கப்பலின் முகப்பில் நின்று எக்காளம் ஊதும் வெற்றித் தேவியைப் பொறித்தது, கி. மு. 306-இல் சைப்ரஸ் தீவின் சாலமிஸ் அருகே கடற்போரில் வென்றதன் நினைவு என்று கொள்ளப்படுகிறது. அந்தக் காசை இனங்காணுவதில் தொல்லையே இல்லை.

தொல்லை தருவன எகிப்தின் காசுகள். அங்கே ஆண்ட அரசர் அத்தனை பேருக்கும் டாலமி என்பதே பெயர். அதோடு நில்லாமல், வம்சத்தை ஸ்தாபித்த முதல் டாலமியின் முகத்தையே, புடைத்த நெற்றியும் ஆழ்ந்த கண்ணும் வளைந்த மோவாயுமாகப் பின்வந்தோர் பெரும்பாலும் வெள்ளியில் பொறித்து வந்தார்கள். பின்புறத்தில் இடிப்படையின் மேல் நிற்கும் கழுகு. பெயரும் ஒன்று, முகமும் ஒன்று, கழுகும் ஒன்று என்றால் யார் காசு என்று எதைக் கொண்டு சொல்லுவது? ஆட்சியாண்டைக் குறிக்கும் எழுத்துகளும் சாலையின் பெயரைச் சுருக்கிய எழுத்துகளுமே துணை. சைப்ரஸில் சாலமிஸ், கிடியம், பாபோஸ் ஆகிய மூன்று சாலைகளும் தங்கள் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளைக் கழுகின் அருகில் இட்டன. ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பாபோஸைக் குறிக்கும் அதே இரண்டு எழுத்துகள், வம்சத்தின் கடைசிக் காலத்தில் அலெக்சாந்திரியாவில் அடித்த காசுகளிலும் வழங்கின. அதை அறியாமல் பழைய அட்டவணைகள் அவற்றையெல்லாம் சைப்ரஸில் சேர்த்துவிட்டன. மூலையில் உள்ள குறியே நம்பத்தக்கது என்று நான் முன்பு சொன்னதற்கு இது விரோதமாகத் தோன்றலாம். குறியை அச்சும் புதையலும் உறுதி செய்யும்போதே அது சாட்சியாகும் என்று என் கூற்றை நிறைவு செய்துகொள்கிறேன்.

எகிப்தின் காசுக்கு நிறையே மற்றோர் அடையாளம். முதல் டாலமி தன் ஆட்சியிலேயே ஆதென்ஸ் எடையைப் படிப்படியாகக் கைவிட்டு நான்கு டிராக்மாவை ஏறத்தாழ 14.2 கிராமுக்கு இறக்கினான். அந்நிய வெள்ளியைக் கொண்டுவந்த வணிகன் அதைக் கொடுத்து உள்நாட்டுக் காசாக மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆகவே தராசுத் தட்டில் இட்டவுடனேயே எகிப்தின் வெள்ளி தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்நாட்டின் பெரிய செம்புக் காசுகளின் இரண்டு பக்கத்திலும் நடுவில் சிறு குழி ஒன்று காணப்படும். தகட்டைச் சீர்செய்த கருவி விட்டுச்சென்ற வடு அது என்று கருதுகிறார்கள். தேய்ந்து உருவம் அழிந்துபோன காசையும் அந்தக் குழியைக் கொண்டே எகிப்தினது என்று சொல்லலாம்.

சிரியாவை ஆண்ட செல்யூக்க வம்சத்தில் அந்தியோக்கஸ் என்ற பெயர் கொண்டவர் பதின்மூவர். நல்லவேளையாக அவர்கள் முகத்தை மாற்றிக்கொண்டார்கள். விருதுப் பெயர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். நாலாம் அந்தியோக்கஸ் தன்னைக் கண்கூடாக வெளிப்பட்ட தேவன் என்றும் வெற்றி தாங்கியவன் என்றும் காசில் எழுதிக்கொண்டான். பின்னவர்களில் சிலர் அவனையும் விஞ்சினார்கள். இவற்றைக் காட்டிலும் அருமையானது அவர்கள் கையாண்ட ஆண்டு. ஒவ்வொரு மன்னனும் தன் ஆட்சியைப் புதிதாக எண்ணத் தொடங்காமல், செல்யூக்கஸ் பாபிலோனைத் திரும்பக் கைப்பற்றிய கி. மு. 312-ஐ ஒட்டித் தொடங்கிய ஒரே தொடர்ச்சியான சகாப்தத்தை எல்லாரும் பின்பற்றினார்கள். அவ்வம்சத்து முதல் டிமெட்ரியஸின் காசு ஒன்றில், அமர்ந்திருக்கும் அதிர்ஷ்ட தேவியின் பாதத்துக்குக் கீழே நூறையும் அறுபதையும் குறிக்கும் இரண்டு கிரேக்க எழுத்துகள் இருந்தால், அந்தக் காசு கி. மு. 153-152-இல் பிறந்தது என்று விரல் மடக்கிக் கணக்கிட்டுச் சொல்லலாம். பழைய உலகத்தில் இத்தகைய உறுதி வெகு அபூர்வம். கிரேக்கர் எழுத்துகளையே எண்களாக வழங்கியமையால், இந்தக் கலையைக் கற்க விரும்புவோர் அந்த எண்முறையை முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்துவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

ஆண்டு எழுதப்படாத இடத்தில் வரிசையும் காலமும் இரண்டு வேறு விஷயங்கள் என்பதை ஆதென்ஸின் உதாரணம் விளக்கும். இரண்டாம் நூற்றாண்டில் ஆதென்ஸ் நகரம் தன் பழைய ஆந்தையைச் சாய்ந்த ஜாடியின் மேல் நிற்கவைத்து, சுற்றிலும் ஒலிவ மாலை சூட்டி, அதிகாரிகளின் பெயர்களையும், ஜாடியின் மேல் மாதத்தைக் குறிக்கும் எழுத்தையும் பொறித்துப் புதுமுறைக் காசு ஒன்றை வெளியிட்டது. மார்கரெட் தாம்ஸன் என்னும் அம்மையார் ஆயிரக்கணக்கான காசுகளின் அச்சுகளை ஒப்பிட்டு, 1961-இல் அவற்றை ஆண்டு வரிசையில் நிறுத்திய நூல் இத்துறையின் மகத்தான சாதனைகளில் ஒன்று. ஆயினும், மன்னன் மித்ரிடாட்டீஸின் பெயரும் அரிஸ்டியோன் என்பவனின் பெயரும் சேர்ந்து வரும் காசு ஒன்று அந்தத் தொடரில் உண்டு. ரோமருக்கு விரோதமாக மித்ரிடாட்டீஸின் பக்கம் சாய்ந்து ஆதென்ஸைத் தன் பிடியில் வைத்திருந்த அரிஸ்டியோன், கி. மு. 86-இல் ரோமத் தளபதி சல்லா அந்நகரத்தைக் கைப்பற்றியபோது வீழ்ந்தவன். அம்மையாரின் கணக்கோ அந்தக் காசை அதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேல் முற்பட்ட காலத்தில் வைத்தது. டேவிட் லூயிஸ் என்னும் ஆங்கில அறிஞர் மறு ஆண்டே இதை எடுத்துக்காட்டி, தொடர் முழுவதையும் சுமார் முப்பது ஆண்டுகள் கீழே இறக்க வேண்டும் என்றார். இன்று அறிஞர் பெரும்பாலும் அவர் பக்கமே. அச்சுகள் சொன்ன வரிசை பிழையன்று. வரிசையைச் சரித்திரத்தின் எந்த ஆணியில் மாட்டுவது என்பதில்தான் பிழை நேர்ந்தது.

கிழக்கே திரும்புவோம். இந்துகுஷ் மலைக்கு இருபுறமும் பாக்டிரியாவிலும் பாரத நாட்டின் வடமேற்கிலும் ஆண்ட யவன மன்னர் முப்பதின்மருக்கு மேற்பட்டவர். அவர்களில் ஏட்டில் இடம்பெற்றவர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே, மற்றவர் எல்லாரும் காசிலே மட்டும் வாழ்கிறார்கள். யூக்ராட்டிடீஸ் மன்னன் வெளியிட்ட 169 கிராம் எடையுள்ள தங்க நாணயம், பழைய உலகத்தின் தங்கக் காசுகளில் கிடைத்தவற்றுள் மிகப் பெரியது, இன்று பாரிஸில் இருக்கிறது. ஆனால் இந்தியருக்கு அதனினும் விலைமதிக்க முடியாதவை இருமொழிச் சிறு காசுகள். மெனாந்தர் முதலிய மன்னர்கள் ஒரு பக்கத்தில் கிரேக்கத்திலும் மறுபக்கத்தில் கரோஷ்டி லிபியில் எழுதிய பிராகிருதத்திலும் தங்கள் பெயரைப் பொறித்தார்கள். இந்திய எடையைத் தழுவி டிராக்மாவை இரண்டரைக் கிராம் அளவுக்குச் சுருக்கினார்கள். சதுர வடிவத்தையும் ஏற்றார்கள். ஆகையால் கரோஷ்டி எழுத்தும் குறைந்த எடையும் உடைய யவனக் காசு மலைக்குத் தெற்கே வழங்குவதற்காக அடிக்கப்பட்டது என்று துணிந்து சொல்லலாம். சார்லஸ் மாஸன் ஆப்கானிஸ்தானத்தில் திரட்டிய இந்தக் காசுகளின் கிரேக்கப் பெயர்களைத் திறவுகோலாகக் கொண்டே ஜேம்ஸ் பிரின்ஸெப் 1830-களில் கரோஷ்டியைப் படிக்கத் தொடங்கினார். அகதாக்ளீஸ் மன்னனின் காசில் உள்ள பிராமி எழுத்துகளை 1836-இல் லாஸன் என்னும் அறிஞர் படித்தது, அந்த லிபியைத் திறந்த முதல் முயற்சிகளில் ஒன்று.

அந்த அகதாக்ளீஸின் வெள்ளிக் காசுகள் ஆறு 1970-இல் ஆப்கானிஸ்தானத்தின் வடகிழக்கில் உள்ள ஐ கானும் நகரத்தைத் தோண்டிய பிரெஞ்சு ஆராய்ச்சியாளருக்குக் கிடைத்தன. ஒரு பக்கத்தில் கலப்பையும் உலக்கையும் தாங்கிய சங்கர்ஷணன். மறுபக்கத்தில் சக்கரமும் சங்கும் தாங்கிய வாசுதேவன். கிரேக்க மொழி பேசிய ஓர் அரசன் பலராமனையும் கண்ணனையும் பொறித்த காசை வெளியிட்டான் என்னும் செய்தியை எந்த நூலும் நமக்குச் சொல்லவில்லை. கட்டிடத்தின் மண்ணடுக்கோடு சேர்ந்து முறையாக எடுக்கப்பட்டமையால் ஐயத்துக்கு இடமின்றி அந்த ஆறு காசுகள் சொல்லுகின்றன.

தமிழ்நாட்டில் கரூரை அடுத்த அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த காசுகளில் கிரேக்க நகரங்களுக்கும் செல்யூக்க அரசர்களுக்கும் உரிய செம்புக் காசுகள் சில இருப்பதை நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி கண்டறிந்து வெளியிட்டார். செம்புக் காசு தன் ஊரைத் தாண்டி மதிப்புப் பெறாது. அது இவ்வளவு தூரம் வந்ததென்றால் வணிகனின் பையோடு கூடவே வந்திருக்க வேண்டும். ஆயினும் ஆற்றுமணலில் மண்ணடுக்கு இல்லாதபடியால், அது அடித்த காலத்திலேயே வந்ததா, ரோமர் வணிகம் பெருகிய பிற்காலத்தில் பழங்காசாக வந்ததா என்பதைக் காசு ஒன்றைக் கொண்டே முடிவு கட்ட இயலாது என்று நான் கருதுகிறேன்.

போலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1830-இல் இறந்த ஜெர்மானியச் சிற்பி கார்ல் வில்ஹெல்ம் பெக்கர், பழங்காசுகளுக்குப் புதிய அச்சுகளைத் தானே வெட்டி, ஐரோப்பாவின் அரண்மனைகளையெல்லாம் ஏமாற்றினான். அவனுடைய கைத்திறனைப் பிடிப்பதற்கும் அச்சு ஒப்பீடே ஆயுதம்: அவன் வெட்டிய அச்சுகளில் பிறந்தவை இப்போது பட்டியலிடப்பட்டுவிட்டன. வார்ப்பில் செய்த போலி சாமானியமானது. விளிம்பைச் சுற்றி இணைப்புக் கோடும், மேற்பரப்பில் நுண்ணிய குமிழிக் குழிகளும், சோப்பைத் தடவினாற்போன்ற மழுங்கலும் அதைக் காட்டிவிடும். பழங்காலத்திலேயே செம்புக்கு வெள்ளித் தோல் போர்த்தி மோசம் செய்தவர்கள் உண்டு. அதை ஐயுற்ற பழங்கால வணிகன் உளியால் ஒரு வெட்டு வெட்டிப் பார்த்த தழும்பு பல காசுகளில் இன்றும் இருக்கிறது.

ஆனால் போலியைக் காட்டிலும் இந்த ஆராய்ச்சிக்குக் கேடு விளைப்பது வேறொன்று. ஆப்கானிஸ்தானத்தில் பக்தியா மாகாணத்து மீர் ஸாக்கா கிராமத்தில், ஒரு நீரூற்றின் அடியிலிருந்து 1947-இல் ஆயிரக்கணக்கான காசுகள் வெளிப்பட்டன. பிரெஞ்சு அறிஞர்கள் சென்று பார்த்து அட்டவணை செய்து 1953-இல் நூலாக்கினார்கள். 1990-களின் முற்பகுதியில் அதே இடத்தில் மீண்டும் தோண்டியபோது, இதுவரை உலகில் கிடைத்த காசுக் குவியல்களிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று, டன் கணக்கில் நிறுக்கத்தக்கது, வெளியே வந்தது. உள்நாட்டுப் போர் நடந்த காலம். அட்டவணை செய்வார் இல்லை. மூட்டை மூட்டையாகப் பெஷாவர் கடைவீதிக்குச் சென்று, அங்கிருந்து தனித்தனிக் காசாக உலகத்தின் நாற்றிசைக்கும் விற்றுப்போயிற்று. டமன்ஹூர் புதையலும் சிதறியதுதான். ஆனால் அது இன்ன புதையலைச் சேர்ந்தது என்ற நினைவு மறையுமுன் நியூவெல் பின்தொடர்ந்து எழுதி வைத்தார். மீர் ஸாக்காவின் காசுகள் இன்றைக்கும் ஏலங்களில் வருகின்றன. அவற்றோடு எந்தக் காசு கிடந்தது, எது புதிதாக இருந்தது, எது தேய்ந்திருந்தது என்னும் செய்தி வருவதில்லை. மெனாந்தருக்குப் பின் ஆண்ட யவன மன்னர்களில் யார் முந்தியவர், யார் பிந்தியவர், எவர் ஒரே காலத்தில் வெவ்வேறு நாடுகளில் ஆண்டவர் என்ற வினாக்களுக்கு அறிஞர்கள் இன்னும் ஆளுக்கொரு வரிசை எழுதிக்கொண்டிருப்பதற்கு, அவ்வாறு இழந்துபோன செய்திகளும் ஒரு காரணம்.